பிஸ்கற் பேணி

றம் சத்தம் பிஸ்கற் பேணியாம்.
பேஸ் கிற்றாரைத் தேடிப் பிடிக்கவேணுமாம்.
பாடுறவனுக்கு அந்தக் கிழமை தடிமனாம்.
முதல் இரண்டு அல்பத்தையும்
தலையில் வைச்சு ஆடுற ஆக்கள்
மூன்றாவதின்ர பேர் வந்தவுடன்
செத்தவீட்டுக்கு வந்தவை மாதிரிக்
குரலைத் தாழ்த்துகினம்.

நான் மல்லாவிச் சந்தியில் தண்ணிப் பம்பு திருத்துறவன்.
திராஷ் மெற்றலைப் பற்றி
என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை.
கேக்காட்டியும் சொல்லுவன்.

குளிர்நாட்டுப் பெடியள் நாலு பேர்.
அல்பத்தின்ர பேரைத் தமிழில் சொன்னால் 'கறள்'.
அட்டையில் ஒரு பூட்டு, திறப்பு இல்லை.
அந்த அட்டையை நான் கண்டது
இருபது வருசம் கழிச்சு.
எனக்கு முதலில் வந்தது வெறும் கசெற்.
தொண்ணூற்றெட்டு மாரி.
நிவாரண லொறிச் சாரதி அந்தோனிமுத்து
ரியூப் ஒட்டின கூலிக்குப் பதிலாய்த் தந்தது.
"பாட்டெண்டு நினைச்சன் தம்பி,
மரம் அரியிற மில்லைப் பதிஞ்சு வைச்சிருக்கிறாங்கள்."

பற்றரி வன்னிக்குள்ளை வராத காலம்.
சைக்கிளை ஸ்ராண்டில் ஏத்தி நிப்பாட்டி
டைனமோவிலிருந்து இரண்டு வயர்,
வயர் நுனியில்
மூடி உடைஞ்ச ஒரு கசெற் றேடியோ.
மிதிச்சது பக்கத்துக் கொட்டிலில் இருந்த துஷ்யந்தி.
அவளுக்கும் எனக்கும் பாட்டு,
வசீகரனுக்கு வானம்.
கசெற்றைப் பிரட்டிப் போட்டால் முறை மாறும்.

இப்ப சொல்லுங்கோ, பேணி கூடாதோ?
தறப்பாளில் மழை கொட்டேக்குள்ளை
கையகல ஸ்பீக்கருக்குள்ளாலை
வேறை எந்தச் சத்தம் வெளியில் வரும்?
பெரிய ஸ்ரூடியோவின்ர கொழுத்த றம் எல்லாம்
அதுக்குள்ளை சோத்துக்கஞ்சியாய்க் கரைஞ்சிருக்கும்.
இது தெறிச்சது.
ஆணி ஆணியாய் வந்து விழுந்தது.

இரண்டாவது பாட்டில், கிற்றார் தனியாய் ஓடுற இடத்தில்,
ஒரு விரல் வழுக்கிப் பக்கத்துக் கம்பியில் விழும்.
அவங்கள் அதை அழிக்கேல்லை.
வழுக்கின இடத்திலிருந்தே
அடுத்த நாலு அடியையும் ஏறிப் போறான் மனிசன்.
பம்பு திருத்தேக்குள்ளை எனக்கு நட்டு மாறிப்போனால்
அவனைத்தான் நினைக்கிறனான்.

நாலாவது பாட்டுத்தான் பாட்டு.
நடுவில் துஷ்யந்திக்கு மூச்சு முட்டும்.
கிற்றார் எல்லாம் சேத்துக்குள்ளை இறங்கும்
உழவு மிசின் மாதிரி,
பாடுறவன் எருமையாய் அடித்தொண்டையில் உறுமுவான்,
ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில்
தவளைச் சத்தம் கேக்கும்.
பிறகு அவள் சீற்றை விட்டு எழும்பி நிண்டு மிதிப்பாள்.
ஐயோ, அந்த எழும்பல்!
பாட்டு முழுக்கத் தலைகீழாய்ப் பாயும்.
அப்படி ஒரு வேகமாற்றத்தை எழுதினவன்
பெரிய ஆள் எண்டு நான் இருபது வருசம் நம்பினன்.

போன வருசம் போனில் தேடிப் பிடிச்சன்.
நாலாவதில் இறக்கமும் இல்லை, எழும்பலும் இல்லை.
தொடக்கம் தொட்டு ஒரே ஓட்டம்.
எங்கட கசெற்றில் பாதியில் அறுந்த கடைசிப் பாட்டின்
முடிவையும் கேட்டன்:
சும்மா தேய்ஞ்சு போகுது.
அறுந்ததே திறம்.

துஷ்யந்தி இப்ப துணுக்காயில்,
நெல்லுக் களஞ்சியத்தில் தராசடியில் நிக்கிறாள்.
கொண்டுபோய் ஒரு காதில் மாட்டி விட்டன்.
கண்ணைச் சுருக்கிக் கேட்டாள்.
"ஆரடா மிதிக்கிறது?
கால் நோகாத ஆள் போலை" எண்டாள்.
"அதுதான் பிழை."

பிறகு,
"மெல்லமாய்ப் போட ஏலாதோ?"

ஏலும். போனில் அதுக்கொரு இடம் இருக்கு.
முக்கால் வேகத்தில் வைச்சன்.
"இன்னும் கொஞ்சம்" எண்டாள்,
அடுத்த மூட்டையைத் தராசில் ஏத்திக்கொண்டு.